நாயகன் ஏன் மாறுகிறான்? ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புத் தொகுதிகளை முன்வைத்து

ஒரு கதை பல பாகங்களாக வெளிவரும்போது, அதன் நாயகன் பாகத்துக்குப் பாகம் வேறு ஆளாகத் தெரிவதுண்டு. முதல் பாகத்தில் சிரிக்கச் சிரிக்கப் பேசியவன் இரண்டாம் பாகத்தில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான். மூன்றாம் பாகத்தில் இரண்டும் கலந்த இன்னொருவனாக வந்து நிற்பான். வீடியோ கேம் ஆடுபவர்களிடையே இது பழைய புகார். தொடர்கதை வாசகர்களுக்கும் திரைப்பட ரசிகர்களுக்கும் புதிதல்ல.

புதுச்சேரியில் இந்தக் கேள்வி கற்பனை நாயகனைப் பற்றியதாக மட்டும் இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) உண்மையில் வாழ்ந்தவர். பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷாக இருந்தவர். 1736 முதல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதியவர். ஆனால் நமக்கு அவர் தொகுதிகளாகவே கிடைக்கிறார். முதல் தொகுதியின் பிள்ளையும் ஐந்தாம் தொகுதியின் பிள்ளையும் கடைசித் தொகுதியின் பிள்ளையும் ஒரே மனிதர்தானா என்ற ஐயம் தொடர்ந்து படிப்பவருக்கு எழும். அந்த மாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாரசீக இளவரசனின் மூன்று முகங்கள்

நாயகனின் குணமாற்றத்துக்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' வரிசை. ஜோர்டான் மெக்னர் 1989இல் உருவாக்கிய முதல் விளையாட்டில் இளவரசனுக்குப் பெயரும் இல்லை, குணமும் இல்லை. ஓடுவான், தாவுவான், விழுவான். தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் படம் பிடித்து, அந்த அசைவுகளைக் கொண்டே மெக்னர் அவனை வரைந்தார். அவனிடம் இருந்ததெல்லாம் அந்த உடல் மொழிதான்.

2003இல் பிரெஞ்சு நிறுவனமான யுபிசாஃப்டின் மொன்றியால் கூடம் 'தி சேண்ட்ஸ் ஆஃப் டைம்' விளையாட்டை வெளியிட்டது. அதில் இளவரசன் தன் கதையைத் தானே சொல்கிறான். ஆடுபவர் தவறிச் செத்துப்போனால், நடந்தது அப்படியல்ல என்று கதைசொல்லியாகத் திருத்திக்கொள்கிறான். செருக்கும் குறும்பும் குற்றவுணர்வும் கலந்த இளைஞன் அவன். அடுத்த ஆண்டே வந்த 'வாரியர் விதின்' விளையாட்டில் இந்தக் குறும்பு முழுதாக மறைந்தது. முகம் இறுகியது, குரல் கொடுத்த நடிகர் மாறினார், பின்னணியில் ராக் இசை புகுந்தது, சண்டையில் இரத்தம் கூடியது. மெக்னர் அந்தப் பாகத்தில் பணியாற்றவில்லை. அதன் போக்கு தமக்கு உவப்பில்லை என்று பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். 2005இல் வந்த 'தி டூ த்ரோன்ஸ்' பாகத்தில் பழைய குரல் நடிகர் திரும்பினார். இப்போது இளவரசனுக்குள்ளேயே இன்னொரு கருநிழல் இளவரசன் குடியிருந்து பேசுகிறான். முந்தைய இரண்டு பாகங்களின் இரண்டு குணங்களையும் ஒரே உடலில் வைத்து மோதவிட்டால் முரண்பாடே கதையாகிவிடும் என்பது அந்தப் பாகத்தின் உத்தி.

இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே குணமாற்றத்துக்கான காரணங்கள் பல தெரிந்துவிடுகின்றன. முதலாவது, படைத்தவர் மாறுகிறார். இரண்டாவது, யாருக்காகப் படைக்கிறோம் என்ற கணக்கு மாறுகிறது. மூன்றாவது, கதைக்குள் நாயகனின் நிலைமை மாறுகிறது: ஏழாண்டுகள் ஒரு பூதத்தால் துரத்தப்பட்டவன் பழையபடி சிரிக்க முடியாது. நான்காவது, கதை சொல்லும் முறை மாறுகிறது: தானே சொன்னவன், பிறகு வெளியிலிருந்து காட்டப்படுகிறான். இவற்றுள் மூன்றாவது மட்டுமே நாயகனுக்கு நேர்ந்த மாற்றம். மற்றவை அவனைச் சுற்றியிருப்பவர்கள் செய்தவை. ரசிகர்கள் இவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து "ஆளே மாறிட்டான்" என்று சொல்லிவிடுகிறோம்.

கல்கியின் மாமல்லர்

தமிழில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு கல்கியின் நரசிம்மவர்மர். 'பார்த்திபன் கனவு' முதலில் எழுதப்பட்டது. 'சிவகாமியின் சபதம்' அதற்குப் பின் எழுதப்பட்டது. ஆனால் கதைக் காலத்தில் பின்னதே முந்தையது. 'பார்த்திபன் கனவு' காட்டும் நரசிம்மவர்மர் முதிர்ந்த சக்கரவர்த்தி. சிவனடியார் வேடத்தில் உலவி, எதிரியின் மகனுக்கே நல்வழி காட்டுபவர். 'சிவகாமியின் சபதம்' காட்டும் மாமல்லரோ காதலும் ஆத்திரமும் பொங்கும் இளவரசர். வேடம் புனைந்து உலவும் வேலையை அங்கே தந்தை மகேந்திரவர்மர் செய்கிறார்.

இரண்டையும் கதைக் கால வரிசையில் படித்தால், மகன் தந்தையின் வித்தையைக் கற்றுக்கொண்டான் என்று பொருத்திக்கொள்ளலாம். எழுதப்பட்ட வரிசையில் படித்தால், முதல் நாவலில் ஒருவருக்குக் கொடுத்த குணத்தை இரண்டாவதில் அவருடைய தந்தைக்கு மாற்றிக் கொடுத்தார் கல்கி என்பது தெரியும். இரண்டு விளக்கமும் சரியே. முன்னது கதைக்குள்ளிருந்து சொல்வது, பின்னது கதைக்கு வெளியிலிருந்து சொல்வது. ஆனந்தரங்கப் பிள்ளையைப் படிக்கவும் இந்த இரட்டைப் பார்வை வேண்டும்.

நாட்குறிப்பும் தொகுதிகளும்

பிள்ளை 1709இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். அவர்களை அங்கே வரவழைத்தவர் உறவினரான நைனியப்பப் பிள்ளை. கும்பினியின் தலைமைத் தரகராக இருந்த அந்த நைனியப்பர் 1716இல் ஆளுநர் எபேரின் ஆணையால் கைதாகி, கசையடிபட்டு, 1717இல் சிறையிலேயே இறந்தார். அவர் மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்குச் சென்று கிறித்தவராகி, செவாலியர் பட்டத்தோடு திரும்பிவந்து அதே பதவியில் அமர்ந்தார். குருவப்பர் இறந்தபின் அப்பதவி கனகராய முதலியாருக்குப் போனது. துபாஷ் பதவி ஒருவரை எவ்வளவு உயர்த்தும், எவ்வளவு தாழ்த்தும் என்பதைத் தன் வீட்டிலேயே கண்டு வளர்ந்தவர் ரங்கப் பிள்ளை. இந்தப் பின்னணியை மறந்துவிட்டு அவருடைய பிற்காலத் தொகுதிகளைப் படிக்க முடியாது.

அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது 1736 செப்டம்பர் 6ஆம் நாள். அப்போது அவருக்கு வயது 27. காதால் கேட்டதையும் கண்ணால் பார்த்ததையும், கப்பல்கள் வருவதையும் போவதையும் எழுதப்போவதாக அவரே தொடக்கத்தில் குறித்திருக்கிறார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1846இல் கலுவா-மொன்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தக் கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்துப் படியெடுக்கச் செய்தார். 1894இல் ஜூலியன் வேன்சோன் சில பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ் மூலம் அச்சேறியது அதற்கும் பிறகுதான். புதுச்சேரியில் 1948 முதல் எட்டுத் தொகுதிகள் வந்தன. அவை நாட்குறிப்பின் முடிவு வரை செல்லவில்லை. மு. ராஜேந்திரன், அ. வெண்ணிலா ஆகியோர் பதிப்பித்த 12 தொகுதிகள் 2019இல் வெளிவந்தன.

தமிழில் எழுதப்பட்ட ஒரு நூல் பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் என்ற வரிசையில் அச்சு கண்டது என்பதே நாயகனின் முகம் மாறப் போதுமான காரணம்.

முதல் தொகுதியின் வணிகர்

நாட்குறிப்பின் தொடக்க ஆண்டுகளில் ஆளுநராக இருந்தவர் துய்மா. பிள்ளை அப்போது வணிகர். துணி வணிகமும் பாக்கு வணிகமும் அவருக்கு இருந்தன. பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுக்காரருக்கான வணிகத்தைக் கவனித்துக்கொண்டார். 'ஆனந்தப் புரவி' என்ற கப்பலும் அவருக்குச் சொந்தமாக இருந்தது. அவர் கவனிப்பதெல்லாம் வணிகர் கவனிப்பவை: எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, யார் யாரைப் பார்க்கப் போனார்கள், எத்தனை பீரங்கி முழங்கியது. விலை, எடை, வெகுமதியின் அளவு எல்லாம் எண்களாக வருகின்றன.

1745 அக்டோபரில் சம்பா கோயில் என்று இன்றும் அழைக்கப்படும் தேவாலயத்தில் பறையர் கிறித்தவரையும் பிற சாதிக் கிறித்தவரையும் பிரித்து நின்ற சுவர் பற்றிய தகராறை அவர் எழுதியிருக்கிறார். அதே ஆண்டின் இறுதியில், உழவர்கரையில் கனகராய முதலியார் கட்டிய தேவாலயத்தின் விழாவையும், அங்கே எல்லாச் சாதியாருக்கும் நடந்த விருந்தையும் எழுதியிருக்கிறார். இரண்டு இடங்களிலும் அவர் ஓரத்தில் நின்று பார்ப்பவர். தன் சாதிக் கண்ணோட்டத்தை மறைக்கவில்லை. ஆனாலும் பரபரப்பில்லாமல், நடந்ததை நடந்தபடி வரிசையாகச் சொல்கிறார். இந்தத் தொகுதியை மட்டும் படித்தவர், நிதானமான சாட்சி என்றே அவரை நினைவில் வைத்திருப்பார்.

இந்த நிதானத்தின் ஒரு பகுதி, நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கும் விதத்தால் ஏற்பட்டது. ஆங்கிலப் பதிப்பின் முதல் தொகுதி 1736இல் தொடங்கி 1746 வரை செல்கிறது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஒரே தொகுதியில். இரண்டாம் தொகுதி 1746 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. ஏறத்தாழ அரையாண்டுக்கு ஒரு முழுத் தொகுதி. பத்தாண்டுகளை ஒரு தொகுதியில் சொல்பவர் நிதானமானவராகத் தெரிவதும், அரையாண்டை ஒரு தொகுதியில் சொல்பவர் படபடப்பானவராகத் தெரிவதும் இயல்பு. வாரத்துக்கு ஒருமுறை பார்க்கும் உறவினர் அமைதியானவர் என்று நினைப்போம், ஒரே வீட்டில் இருந்தால்தான் அவர் கோபம் தெரியும். முதல் இரு தொகுதிகளுக்கு இடையே நாம் உணரும் குணமாற்றத்தில் கணிசமான பங்கு இப்படிப்பட்டது.

பதவிக்குக் காத்திருந்தவர்

மீதிப் பங்கு உண்மையான மாற்றம். 1742இல் துய்ப்ளே ஆளுநராக வந்தார். 1746 பிப்ரவரியில் கனகராய முதலியார் இறந்தார். அந்தப் பதவி யாருக்கு என்ற கேள்வி ஓராண்டுக்கு மேல் ஊரை ஆட்டிவைத்தது. பிள்ளைக்குத் தகுதி இருந்தது. ஆனால் அவர் கிறித்தவர் அல்லர். பாதிரியார்களும் ஆளுநரின் மனைவி ழான் துய்ப்ளேயும் கிறித்தவர் ஒருவரே வரவேண்டும் என்று விரும்பினர். பதவி கைக்கு வராமலே பதவியின் வேலைகளையெல்லாம் செய்துகொண்டு, ஒவ்வொரு நாளும் ஆளுநரின் முகக் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தார் பிள்ளை. 1747இல்தான் பதவி முறையாகக் கிடைத்தது.

இந்த மாதங்களில் நாட்குறிப்பின் நடை மாறுகிறது. கப்பலும் சரக்கும் பின்னுக்குப் போய், உரையாடல்கள் முன்னுக்கு வருகின்றன. துய்ப்ளே என்ன கேட்டார், தான் என்ன சொன்னேன், கேட்டதும் அவர் முகம் எப்படி மலர்ந்தது என்றெல்லாம் எழுதுகிறார். துய்ப்ளேயை அவர் புகழும் இடங்கள் இக்காலப் பக்கங்களில் ஏராளம். 1746 செப்டம்பரில் லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். அந்த வெற்றியை ஒட்டித் துய்ப்ளேக்கும் லா பூர்தொனேக்கும் மூண்ட சண்டையில் பிள்ளை முழுக்கத் துய்ப்ளே பக்கம்.

முதல் தொகுதியின் சாட்சி எங்கே போனார் என்று இங்கே கேட்கத் தோன்றும். அவர் எங்கும் போகவில்லை. முன்பு கப்பலின் சரக்கைக் கணக்கெடுத்தவர், இப்போது ஆளுநரின் மனநிலையைக் கணக்கெடுக்கிறார். முதலீடு செய்த இடம் மாறியிருக்கிறது, கணக்கெடுக்கும் பழக்கம் மாறவில்லை. துய்ப்ளேயிடம் சொன்ன புகழ்ச்சியை இரவில் வந்து நாட்குறிப்பிலும் எழுதிவைப்பது நமக்கு விந்தையாகப் படலாம். ஒரு வணிகர் கொடுத்ததைப் பற்றெழுதுவது போன்றதுதான் அது. எதைக் கொடுத்தோம், என்ன திரும்பி வந்தது என்று பின்னால் பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா?

வேதபுரீசுவரர் கோயில், 1748

நாட்குறிப்பின் நாயகனை மதிப்பிடுவதில் மிகக் கடினமான இடம் 1748 செப்டம்பர். பாசுகாவேனின் ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தது. அந்த நெருக்கடிக்குள், ஏசுசபையாரின் தேவாலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. பாதிரியார்கள் பல பத்தாண்டுகளாக விரும்பியதும், முந்தைய ஆளுநர்கள் தமிழரின் எதிர்ப்புக்கு அஞ்சித் தள்ளிப்போட்டதுமான காரியம் அது என்பதைப் பிள்ளையே எழுதுகிறார். பழியை அவர் முதன்மையாக ழான் துய்ப்ளேயின் மேலும் பாதிரியார்கள் மேலும் வைக்கிறார். மனைவியின் பேச்சுக்கு ஆளுநர் ஆட்பட்டுவிட்டார் என்கிறார். ஊரின் சாதித் தலைவர்களிடம் ஒற்றுமை இல்லை என்று கடிந்துகொள்கிறார்.

ஆனால் அந்த நாளில் ஊரின் தமிழர்களில் முதலிடத்தில் இருந்தவர் அவர்தான். தலைமைத் துபாஷ் அவர்தான். கோயில் இடிந்தது, அவர் பதவியில் தொடர்ந்தார்.

முதல் தொகுதி வாசகர் இங்கே அதிர்ச்சி அடைவார். அங்கே ஓரத்தில் நின்று எழுதிய மனிதருக்கு யாரும் பொறுப்புக் கேட்கவில்லை. இங்கே அவர் ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறார். இருந்தும் ஓரத்தில் நிற்பவரின் நடையிலேயே எழுதுகிறார்: இன்னார் வந்தார்கள், இன்னது சொன்னார்கள், இன்னது நடந்தது. முன்பு நேர்மையாகத் தோன்றிய அதே நடை இங்கே நழுவலாகத் தோன்றுகிறது. எழுதுபவரின் குணம் மாறியதால் அல்ல, அவர் நிற்கும் இடம் மாறியதால் அப்படித் தோன்றுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பதவியைத் துறந்திருந்தால் கோயில் காப்பாற்றப்பட்டிருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. முற்றுகையில் இருந்த ஊரில் கலகம் மூண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் கேள்வி. நைனியப்பரின் முடிவு அவர் கண்முன் இருந்தது. இவ்வளவையும் கணக்கில் கொண்டு அவரைக் கோழை என்றோ காலத்தின் கைதி என்றோ ஒருவர் முடிவு செய்யலாம். ஆனால் அந்த முடிவுக்குத் தேவையான சான்று முழுவதையும் நமக்குத் தந்தவர் அவரே என்பதை மறக்கக் கூடாது. தனக்குப் பாதகமான பக்கங்களை அவர் கிழித்துப்போடவில்லை.

உச்சமும் சரிவும்

1750 டிசம்பரில் நாசிர் சங் கொல்லப்பட்டு, முசாபர் சங் புதுச்சேரிக்கு வந்தார். அவரிடமிருந்து பிள்ளை பட்டங்களையும் மன்சப்தார் தகுதியையும் செங்கல்பட்டின் சாகிர்தார் பொறுப்பையும் பெற்றார். பல்லக்கும் மேளமும் விருதுகளும் சூழ அவர் நடமாடிய காலம் அது. உச்சத்தில் இருந்தாலும் நாட்குறிப்பில் நிம்மதி தெரியவில்லை. ழான் துய்ப்ளேயின் ஆதரவு பெற்ற பாப்பய்யப் பிள்ளை போன்றவர்கள் நில வருவாய் நிர்வாகத்தில் முன்னேறியதும், பிள்ளையின் குறிப்புகளில் மனக்கசப்பு ஏறுகிறது. 1746இல் தெய்வத்துக்கு இணையாகப் புகழப்பட்ட துய்ப்ளே, பிற்காலப் பக்கங்களில் மனைவி சொல்லைக் கேட்டுக் காரியத்தைக் கெடுப்பவராக மாறுகிறார். நாட்குறிப்பில் நாயகனைவிட அதிகம் குணம் மாறியவர் துய்ப்ளேதான் என்றுகூடச் சொல்லலாம். ஆளுநர் மாறவில்லை, அவரைப் பார்த்தவரின் எதிர்பார்ப்பு பொய்த்தது.

1754இல் துய்ப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். 1756இல் பிள்ளை பதவியிழந்தார். 1758இல் லல்லி வந்தபின் ஊரின் நிலைமை இன்னும் மோசமானது. கடைசித் தொகுதிகளில் நாம் பார்ப்பது உடல் நலிந்த, வரவேண்டிய பணம் வராத, தன் சொல் எடுபடாத ஒரு முதியவரை. வயது ஐம்பதைத்தான் தொட்டிருந்தார். பழைய ஆளுநர்களின் காலத்தை எண்ணி ஏங்குகிறார், புதியவர்களைக் குறை சொல்கிறார். 1761 சனவரியில் அவர் இறந்த சில நாட்களில், அம்மாதம் 16ஆம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது.

அவரை 'இந்தியாவின் பெப்பிசு' என்று அழைப்பது வழக்கம். இந்த ஒப்புமை ஓரளவுதான் பொருந்தும். இலண்டனின் சாமுவேல் பெப்பிசு நாட்குறிப்பு எழுதியது 1660 முதல் 1669 வரை, பத்தாண்டுக்கும் குறைவாக. இளமையிலேயே நிறுத்திவிட்டார். எனவே அவர் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் ஏறக்குறைய அதே மனிதர். பிள்ளை எழுதியது 24 ஆண்டுகளுக்கு மேல். இருபத்தேழு வயது வணிகரும் ஐம்பத்தோரு வயது நோயாளியும் ஒரே குரலில் பேசியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பதிப்பாளரால் வரும் மாற்றம்

வீடியோ கேம் வரிசையில் தயாரிப்புக் குழு மாறுவது போல இங்கும் நேர்ந்தது. ஆங்கிலப் பதிப்பின் முதல் மூன்று தொகுதிகளை ஜே. பிரடெரிக் பிரைசும் கே. ரங்காச்சாரியும் பதிப்பித்தனர். நான்காம் தொகுதி முதல் பன்னிரண்டு வரை சென்னை ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர் எச். டாட்வெல் பதிப்பித்தார். டாட்வெல் வரலாற்றாசிரியர். ஆங்கில, பிரெஞ்சு அரசியல் போட்டியே அவருடைய ஆய்வுக் களம். தொகுதிக்குத் தொகுதி அவர் எழுதிய முன்னுரைகள் அந்தப் போட்டிக்கான சான்றாக நாட்குறிப்பை நிறுத்துகின்றன. முன்னுரையைப் படித்துவிட்டு உள்ளே போகும் வாசகர், பிள்ளையின் சொற்களில் உண்மை எது, மிகை எது என்று குறுக்கு விசாரணை செய்துகொண்டே படிப்பார். விசாரிக்கப்படுபவர் எவராக இருந்தாலும் கொஞ்சம் கள்ளத்தனமாகத்தான் தெரிவார்.

மொழி இன்னொரு காரணம். பிள்ளையின் தமிழ் அவர் காலத்துப் பேச்சுத் தமிழ். நிறுத்தற்குறி இல்லாமல் ஓடும் நீண்ட வாக்கியங்கள். போர்த்துக்கீசியம், பிரெஞ்சு, பாரசீகம், தெலுங்கு என்று துறைமுகத்தில் புழங்கிய எல்லாச் சொற்களும் அதில் கலந்திருக்கும். கணக்குப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்வது போன்ற நடை. ஆங்கிலத்தில் அதே பகுதி கண்ணியமான அரசவை உரையாகிவிடுகிறது. தமிழில் ஆதங்கமாகக் கேட்பது ஆங்கிலத்தில் கண்டனமாகவும், தமிழில் பணிவுச் சொல்லாக வருவது ஆங்கிலத்தில் அடிமைத்தனமாகவும் ஒலிக்கும். மூலக் கையெழுத்துப் படிகளில் இடைவெளிகளும் உண்டு. சில மாதங்கள் காணாமல் போனபின் திரும்பிவரும் நாயகன், இடையில் என்ன நேர்ந்தது என்று தெரியாததால் திடீரென மாறியவனாகத் தெரிகிறான்.

தமிழ் வாசகருக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிது. புதுச்சேரியில் வந்த எட்டுத் தொகுதிகள் வீழ்ச்சிக் காலம் முழுவதையும் கொண்டிருக்கவில்லை. அவற்றை மட்டும் படித்த தலைமுறைக்குப் பிள்ளை ஏறுமுகத்தில் இருந்த பெருமகனாகவே மனத்தில் நின்றார். கடைசிப் பாகம் கிடைக்காத கதையில் நாயகன் தோற்பதில்லை.

புகழ்நூல்களும் நாவல்களும்

பிள்ளை வாழ்ந்த காலத்திலேயே அவரை நாயகனாகக் கொண்ட நூல்கள் எழுந்தன. தமிழில் தியாகராய தேசிகரின் 'ஆனந்தரங்கன் கோவை', வடமொழியில் சீனிவாச கவியின் 'ஆனந்தரங்க விஜய சம்பு', தெலுங்கில் கஸ்தூரி ரங்க கவியின் 'ஆனந்தரங்கராட் சந்தமு' ஆகியவை அவற்றுள் சில. புரவலரைப் புகழ்வது இந்த இலக்கிய வகைகளின் இலக்கணம். அவற்றில் பிள்ளைக்குக் குறை இல்லை, எனவே குணமும் இல்லை. முதல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வின் பெயரற்ற இளவரசனைப் போல, செயல்களை மட்டும் தாங்கி நிற்கும் வடிவம். அதே காலத்தில் அதே மனிதர் இரவில் எழுதிய பக்கங்களில் பொறாமையும் பயமும் நிறைந்திருந்தன என்பதே இந்த நூல்களுக்கான சிறந்த உரை.

இருபதாம் நூற்றாண்டில் புதுச்சேரி எழுத்தாளர் பிரபஞ்சன் (1945–2018) நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற நாவல்களை எழுதினார். முன்னது துய்மா காலத்தையும் பின்னது துய்ப்ளே காலத்தையும் களமாகக் கொண்டது. 'வானம் வசப்படும்' 1995ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. அரசர், ஆளுநர் கதையாக மட்டும் இருந்த பதினெட்டாம் நூற்றாண்டை எளியவர்களும் தாசிகளும் நடமாடும் காலமாக மாற்றியது பிரபஞ்சனின் சாதனை. நாட்குறிப்பு ஒரு பெயராக மட்டும் உதிர்த்துவிட்டுப் போன மனிதர்களுக்கு அவர் மனமும் குரலும் கொடுத்தார்.

ஆனால் நாவலுக்கு ஒரு மையம் வேண்டும், மையத்தில் நிற்பவர்மேல் வாசகருக்குப் பரிவு வேண்டும். நாட்குறிப்பிலோ பிள்ளை பரிவைக் கேட்பதில்லை. பாக்கியைக் கேட்கிறார், மரியாதையைக் கேட்கிறார், எதிரிக்கு ஏன் கொடுத்தாய் என்று கேட்கிறார். இந்த அற்பமான, அலுப்பூட்டும், திரும்பத் திரும்ப வரும் முறையீடுகளை நாவல் சுருக்கியே ஆகவேண்டும். சுருங்கச் சுருங்க மனிதர் உயர்கிறார். இரண்டு தலைப்புகளும் நம்பிக்கையின் சொற்கள். நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் மானுடமும் வெல்லவில்லை, வானமும் வசப்படவில்லை. இது பிரபஞ்சன் செய்த பிழை அல்ல, அவர் தேர்ந்த வடிவத்தின் விலை. நாவலைப் படித்துவிட்டு நாட்குறிப்பைப் படித்ததாக நினைத்துக்கொள்வதுதான் பிழை.

மாறாதவை

இத்தனை மாற்றங்களுக்கும் நடுவே தொகுதிதோறும் மாறாமல் இருப்பவை எவை என்று பார்ப்பது பயனுள்ளது. முதலாவது, எண்ணிக்கை மீதான பிடிப்பு. பீரங்கி முழக்கம் எத்தனை என்று 1736 முதல் எண்ணிக்கொண்டே இருக்கிறார். இரண்டாவது, சோதிடமும் நாள் கோளும். உயர்வு வந்தாலும் தாழ்வு வந்தாலும் கிரகத்தின் பலன் என்கிறார். மூன்றாவது, சாதி பற்றிய உணர்வு. சம்பா கோயில் சுவரைப் பற்றி எழுதும்போது இருந்த கண்ணோட்டம் கடைசிவரை கரையவில்லை. நான்காவது, மரியாதைக்கான பசி. யார் எழுந்து நின்றார், யார் எழவில்லை என்பதை அவர் ஒருபோதும் மறப்பதில்லை. ஐந்தாவது, எழுதும் பழக்கம். பதவியும் பணமும் உடல்நலமும் போனபின்னும் அது நிற்கவில்லை.

இந்த ஐந்தும்தான் அவர் குணம். நிதானம், புகழ்ச்சி, நழுவல், கசப்பு ஆகியவை இந்தக் குணம் வெவ்வேறு நிலைமைகளில் காட்டிய முகங்கள்.

முடிவுரை

புனைவில் நாயகன் காரணமின்றி மாறினால் அது குறை. தன்னை நம்பித் தொடர்ந்து வந்தவருக்குப் படைப்பாளி சொன்ன சொல் தவறுகிறார். உண்மை மனிதரின் நாட்குறிப்பில் மாற்றம் குறை அல்ல, அதுவே சான்று. எனினும் அங்கும் எல்லா மாற்றத்தையும் எழுதியவரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. காலத்தால் வந்தது எது, பதவியால் வந்தது எது, ஒரு தொகுதிக்குள் எத்தனை ஆண்டுகள் அடங்கியுள்ளன என்பதால் வந்தது எது, பதிப்பாளராலும் மொழிபெயர்ப்பாளராலும் நாவலாசிரியராலும் வந்தது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பள்ளிப் பாடநூல்களிலும் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் ஆனந்தரங்கப் பிள்ளை ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறார். அந்த ஒரு வரியில் அவர் எப்போதும் பெருமைக்குரியவர். இணையத்தில் 1748ஆம் ஆண்டின் சில பத்திகளை மட்டும் எடுத்துப் போடுபவர்களுக்கோ அவர் துரோகி, அல்லது தம் தரப்புக்குக் கிடைத்த சாட்சி. இரு சாராரும் ஒரே பாகத்தை ஆடிவிட்டு நாயகனை அறிந்துகொண்டதாக நினைப்பவர்கள். புதுச்சேரியில் அவர் பெயர் தாங்கிய ரங்கப்பிள்ளை வீதியில் அவருடைய வீடு இன்றும் இருக்கிறது. கீழே ஒரு பாணியிலும் மேலே இன்னொரு பாணியிலுமாகத் தமிழ்க் கட்டடக்கலையும் பிரெஞ்சுக் கட்டடக்கலையும் அதில் கலந்திருக்கின்றன. ஒரு பாதியைப் பார்த்து அது யாருடைய வீடு என்று சொல்ல முடியாது. நாட்குறிப்பைப் படிக்கத் தொடங்கும் மாணவர்கள் முதல் தொகுதியோடு ஒரு நடுத்தொகுதியையும் கடைசித் தொகுதியையும் சேர்த்துப் படித்துவிட்டு அவரைப் பற்றிய முடிவுக்கு வருவது நல்லது.